பிச்சிப்பூவும் பிளேன் சீட்டும்

போன ஓணத்துக்கு என் மச்சானும் அவன் கூட்டாளியும் துபாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் வந்தார்கள். மச்சான் கொடுத்த காசு 31,000 ரூபாய். கூட்டாளி கொடுத்தது 12,500. விமானத்தில் இருந்தவரை இரண்டு பேருக்கும் இது தெரியாது. களியக்காவிளையில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போதுதான் வெளியே வந்தது. கையில் இருந்த கட்டன் சாயா ஆறுகிறவரை மச்சான் வாயே திறக்கவில்லை. அப்புறம் சொன்னான்: "கொள்ளைக்காரப் பயலுவ."

அவன் சொன்னதில் பாதி சரி என்பது என் கருத்து. எந்தப் பாதி என்று சொல்ல, விமான வியாபாரத்தைக் கொஞ்சம் அடியிலிருந்து பார்க்க வேண்டும். தோவாளையிலிருந்து தொடங்குகிறேன்.

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன் போனால் பிச்சிப்பூவுக்கு ஒரு விலை சொல்வார்கள். வெயில் ஏறி மொட்டு விரியத் தொடங்கியதும் அதே கூடைப் பூவுக்கு வேறு விலை. ஓணத்துக்கு முந்தின நாட்களில் திருவனந்தபுரத்து வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும்போது கேந்திக்கும் வாடாமல்லிக்கும் வருகிற மவுசே தனி. யாரும் அதைக் கொள்ளை என்று சொல்வதில்லை. பூ வாடிவிடும், நாளைக்கு விற்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அரிசிக் கடைக்காரர் இன்று போகாத மூட்டையை அடுத்த வாரம் தள்ளிவிடலாம். பூக்காரருக்கு அந்த வழி கிடையாது.

விமானச் சீட்டும் வாடுகிற சரக்குதான். கதவைச் சாத்திய நொடியில் காலிச் சீட்டின் மதிப்பு பூஜ்யம். அதை எடுத்து வைத்து நாளைய விமானத்தில் விற்க முடியாது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். எண்ணெய்ச் செலவு, விமானத்தின் வாடகை, பைலட் சம்பளம், விமான நிலையத்துக்குக் கட்டும் பணம், இதெல்லாம் உள்ளே 100 பேர் இருந்தாலும் 180 பேர் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். 181-ஆவது ஆள் ஏறினால் கூடுகிற செலவு கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். அதனால் கடைசிச் சீட்டை இரண்டாயிரத்துக்குக் கொடுத்தாலும் கம்பெனிக்கு வரவு. ஆனால் எல்லாச் சீட்டையும் இரண்டாயிரத்துக்குக் கொடுத்தால் கம்பெனி மூழ்கிவிடும். விமான நிறுவனங்களின் தந்திரம், போட்டி, காலை வாருதல் எல்லாமே இந்த இக்கட்டிலிருந்து முளைத்தவை.

லாபமும் பெரிதாக ஒன்றும் இல்லை. உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா அண்மை ஆண்டுகளுக்குப் போட்ட கணக்குப்படி ஒரு பயணிக்குக் கிடைக்கும் நிகர லாபம் 7 டாலர் அளவில்தான் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் குடும்பத்தோடு ஒருவேளை பிரியாணி சாப்பிட்டால் அதைவிட அதிகம் ஆகும்.

கடைசியில் வருகிற ஆள்

பூ நேரம் ஆக ஆக மலிவாகும். சீட்டோ நாள் நெருங்க நெருங்க ஏறும். இரண்டும் வாடுகிற சரக்கு என்றால் ஏன் இப்படித் தலைகீழ்?

கடைசியில் வருகிற ஆள் யார் என்று பார்த்தால் புரியும். வெயில் ஏறியபிறகு தோவாளைக்கு வருகிறவர், மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம் என்று வருகிறவர். விமானத்துக்குக் கடைசி நாளில் வருகிறவரோ, அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று ஃபோன் வந்தவர். விசா முடிய இரண்டு நாள் இருக்கிறவர். நாளைக் காலையில் மும்பையில் இருக்க வேண்டும் என்று முதலாளி விரட்டிவிட்ட மேனேஜர். பேரம் பேச இவர்களுக்கு நேரம் கிடையாது. மாதக்கணக்கில் முன்னாடியே வாங்குகிறவர் விலை பார்த்து வாங்குகிறார், கூடிப்போனால் பயணத்தையே தள்ளிப்போடுவார். இந்த இரண்டு வகை ஆட்களையும் எப்படியாவது பிரித்து, ஒவ்வொருவரிடமும் அவரவர் கொடுக்கக்கூடியதை வாங்கிவிட வேண்டும் என்று கம்பெனி பாடுபடுகிறது.

அவசரக்காரருக்காக எத்தனை சீட்டை ஒதுக்கி வைப்பது? பி.ஓ.ஏ.சி. என்ற பழைய பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் வேலைபார்த்த கென் லிட்டில்வுட் 1972-ல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். நம் ரூபாயில் போட்டுப் பார்ப்போம். இன்று ஒருவர் 8,000 ரூபாய்க்கு சீட்டு கேட்கிறார். கொடுக்காமல் வைத்திருந்தால் பிறகு ஒருவர் 20,000 கொடுத்து வாங்கலாம், அல்லது யாருமே வராமலும் போகலாம். அந்த 20,000 ரூபாய் ஆள் வருவதற்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாய்ப்பு இருந்தால் சீட்டைப் பிடித்து வைப்பது லாபம், ஏனென்றால் 20,000-ல் நூற்றுக்கு நாற்பது என்பது 8,000. வாய்ப்பு அதற்குக் கீழே என்றால் கையில் வந்த எட்டாயிரத்தை வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் புத்தி. இந்தக் கணக்கின் வளர்ந்த வடிவத்தைத்தான் இன்று கணினி ஒவ்வொரு விமானத்துக்கும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. போன வருடம் இதே நாளில் எத்தனை பேர் கடைசி வாரத்தில் வந்தார்கள் என்பது அதற்குத் தெரியும். ஓணம் எந்தத் தேதியில் வருகிறது என்பதும் தெரியும்.

இது நேரில் எப்படி இருக்கும் என்று மார்த்தாண்டத்தில் எனக்குப் பழக்கமான டிராவல்ஸ்காரர் ஒருவர் காட்டினார். நாம் செல்போனில் பார்க்கிற படம் போட்ட பக்கம் இல்லை. வெறும் எழுத்தும் எண்ணும்: ஒய்9, பி9, எம்7, கே4, எல்0. ஒவ்வொரு எழுத்தும் ஒரு விலைத்தட்டு. பக்கத்தில் உள்ள எண், அந்த விலையில் இன்னும் எத்தனை சீட்டு தருவார்கள் என்பது. 9 என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ. அதற்குமேல் காட்ட மாட்டார்கள். "எல் தீந்துபோச்சு பாருங்க, அதுதான் மலிவு. இனி கே-யில நாலு இருக்கு. அதும் போனா எம்" என்றார் அவர். எந்த எழுத்து மலிவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உட்காருகிற சீட்டு எல்லாம் ஒன்றுதான். மச்சானின் கூட்டாளி எல்-லில் வாங்கியிருக்கிறான், மச்சான் ஒய்-யில் வந்து மாட்டியிருக்கிறான்.

"இந்த விலையில் 4 சீட்டுகளே உள்ளன" என்று செல்போன் பயமுறுத்துகிறதே, அதுவும் இதுதான். விமானத்தில் நாலு சீட்டு பாக்கி என்று அதற்குப் பொருள் கிடையாது. அந்தத் தட்டில் நாலு பாக்கி.

சிலர் டிக்கெட் வாங்கிவிட்டு வராமல் போவார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கிற சீட்டைவிடக் கூடுதலாக விற்பதும் இதே வாடுகிற சரக்குப் பயத்தால்தான். கணக்குத் தப்பி எல்லோரும் வந்துவிட்டால் யாரையாவது இறக்கிவிட வேண்டும். இந்தியாவில் அப்படி இறக்கிவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராவிட்டால் இழப்பீடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட்டால் உச்சம் 10,000 ரூபாய், அதற்கும் மேல் போனால் 20,000. கேட்டு வாங்குங்கள். தானாக எடுத்து நீட்டமாட்டார்கள்.

விலையே ஆயுதம்

இந்த எழுத்து விளையாட்டு அடிதடிக்கு எப்படிப் பயன்பட்டது என்பதுதான் சுவாரசியமான கதை. அமெரிக்காவில் 1978 வரை, மாநிலம் விட்டு மாநிலம் போகிற எந்தத் தடத்தில் யார் பறக்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்பதை அரசு வாரியம்தான் முடிவுசெய்தது. விலையில் மோத முடியாததால் கம்பெனிகள் சாப்பாட்டிலும் உபசாரத்திலும் மோதின. 1978-ல் சட்டம் மாறியது. கயிறு அவிழ்ந்த காளைகள்போல எல்லோரும் ஓடினார்கள்.

1981-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்று ஒரு புதுக் கம்பெனி வந்தது. டிக்கெட் காசை விமானத்துக்குள்ளேயே பஸ் கண்டக்டர் மாதிரி வாங்குவார்கள். பெட்டிக்குத் தனிக் காசு, காபிக்குத் தனிக் காசு. கட்டணமோ மற்றவர்கள் நினைத்தும் பார்க்க முடியாத மலிவு. கூட்டம் அலைமோதியது. பெரிய நிறுவனமான அமெரிக்கன் ஏர்லைன்ஸால் எல்லாச் சீட்டிலும் அந்த விலைக்கு இறங்க முடியாது, செலவு கட்டுப்படியாகாது. ஆனால் அவர்களிடம் சேபர் என்ற பெரிய கணினிப் பதிவு முறை இருந்தது. எந்த விமானத்தில் எத்தனை சீட்டு காலியாகப் போகும் என்று அதற்குத் தெரியும். 1985 ஜனவரியில் அமெரிக்கன் அடித்தது: காலியாகப் போகக்கூடிய சீட்டுகளை மட்டும் பீப்பிள் எக்ஸ்பிரஸ் விலைக்கே விற்றது, ஆனால் முன்கூட்டியே வாங்க வேண்டும். மிச்சச் சீட்டுகள் அவசரக்காரர்களுக்குப் பழைய விலையில். அந்தக் காலத்துச் சலுகை டிக்கெட்டுகளில் இன்னொரு நிபந்தனையும் அடிக்கடி இருக்கும்: போன ஊரில் சனிக்கிழமை இரவு தங்க வேண்டும். வேலையாகப் போகிறவர் வெள்ளிக்கிழமை வீடு திரும்பத் துடிப்பார், அவரால் அந்தச் சலுகையைத் தொட முடியாது. சுற்றிப்பார்க்கப் போகிறவருக்குச் சனிக்கிழமை ஒரு பொருட்டே இல்லை. எவ்வளவு நுணுக்கமான சல்லடை பாருங்கள்!

பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் அப்படி ஒரு சல்லடை இல்லை. ஒரே மலிவு விலைதான் அதன் முழுப் பலம். அந்த மலிவு எதிரியிடமும் கிடைக்கிறது, கூடவே சாப்பாடும் கிடைக்கிறது என்றால் யார் வருவார்கள்? 1986-ல் வேறொருவருக்கு விற்கப்பட்டது, 1987-ல் பெயரே மறைந்தது.

எல்லாச் சண்டையிலும் பெரியவர் ஜெயிப்பதில்லை. 1973-ல் டெக்சாஸில் பிரானிஃப் என்ற பெரிய கம்பெனி, சவுத்வெஸ்ட் என்ற குட்டிக் கம்பெனியை ஒழிக்க, அரசு வாரியத்தின் பிடிக்கு வெளியே மாநிலத்துக்குள்ளேயே ஓடிய ஒரு தடத்தில் கட்டணத்தைப் பாதியாக்கி 13 டாலருக்கு இறக்கியது. சவுத்வெஸ்ட் என்ன செய்தது தெரியுமா? "எங்களிடமும் 13 டாலருக்கு வரலாம். இல்லை, முழுக் கட்டணம் 26 டாலர் கொடுத்தால் ஒரு பாட்டில் விஸ்கி இலவசம்" என்றது. வேலையாகப் போகிற மேனேஜருக்கு டிக்கெட் காசு ஆபீஸ் கணக்கு, விஸ்கி வீட்டுக் கணக்கு. 26 கொடுக்க ஆள் குறையவில்லை. அடுத்தவன் காசில் பயணம் செய்கிறவனை அடையாளம் கண்டு அவனிடம் மட்டும் கூடுதலாக வாங்கும் அதே சல்லடைதான் இதுவும், கணினி இல்லாமல்.

துண்டுக்குள் விரல்

மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விலையில் மோதிக் களைத்த விமானக் கம்பெனிகளுக்கும் இப்படி ஒரு துண்டு தேவைப்பட்டது.

1982-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் ராபர்ட் கிராண்டல், அதே பிரானிஃபின் தலைவராக அப்போது இருந்த ஹோவர்ட் பட்னத்தோடு ஃபோனில் பேசினார். நீ உன் கட்டணத்தை 20 விழுக்காடு ஏற்று, மறுநாள் காலையில் நானும் ஏற்றுகிறேன் என்றார். பட்னம் அதைப் பதிவுசெய்து வைத்திருந்தார். அரசு வழக்குப் போட்டது. இப்படிப் பேசி வைத்து விலை ஏற்றுவது பல நாடுகளில் குற்றம். நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின்படி தடை.

ஃபோனில் பேசினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தபிறகு வேறு வழி பிறந்தது. எல்லாக் கம்பெனிகளும் தங்கள் கட்டணங்களை ஒரு பொதுக் கணினி அமைப்புக்கு அனுப்புவார்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன விலை என்று முன்கூட்டியே அறிவித்து, மற்றவர்கள் சேருகிறார்களா என்று பார்த்து, சேராவிட்டால் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்க நீதித்துறை 1992-ல் இதை வழக்காக்கியது. துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டார்கள் என்று வையுங்கள்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் கேவலம். பிரிட்டிஷ் ஏர்வேஸ், சின்னக் கம்பெனியான விர்ஜின் அட்லாண்டிக்கின் பயணிகளைத் தன் பக்கம் இழுக்கக் குறுக்குவழிகளில் இறங்கியது. கடைசியில் 1993-ல் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு, விர்ஜினின் முதலாளி ரிச்சர்ட் பிரான்சனுக்கு 5 லட்சம் பவுண்டும் அவர் கம்பெனிக்கு 1,10,000 பவுண்டும் கொடுத்தது. பிரான்சன் அந்தப் பணத்தைத் தன் ஊழியர்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்தார். விளம்பரம் செய்யத் தெரிந்த மனிதர்.

நம் பக்கத்துக் கதை

இந்தியாவில் 1953 முதல் அரசுக்கு மட்டும்தான் விமானம். 1990-களின் தொடக்கத்தில் தனியார் வந்தார்கள். 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான், பஸ்ஸில் போகிற ஆளையும் ஏற்றலாம் என்று காட்டியது. 2005-ல் வந்த கிங்ஃபிஷர் பகட்டில் இறங்கியது, பிறகு டெக்கானையே வாங்கியது. பகட்டும் மலிவும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தவில்லை. 2012-ல் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். விழுந்தவர்களின் பட்டியல் நீளம்.

2006-ல் தொடங்கிய இண்டிகோ மட்டும் ஏன் நின்றது? பகட்டாக ஒன்றும் செய்யவில்லை. தொடங்கும்போதே ஒரே வகையில் 100 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து விலையைக் குறைத்துக்கொண்டது. ஒரே வகை என்றால் எந்த பைலட்டும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், உதிரிபாகமும் ஒரே வகை. தரையிறங்கிய விமானத்தை அரை மணி நேரத்தில் மறுபடி கிளப்பப் பார்த்தது. விமானம் தரையில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் வாடகை ஓடும்; நம் ஊர் வேன்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எதிரிகள் விழ விழ, நின்றவர் கை ஓங்கும். இன்று உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இண்டிகோவில்தான் போகிறார்கள். 2025 டிசம்பரில் பைலட்டுகளின் ஓய்வு நேர விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அது ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துசெய்தபோது, மற்ற கம்பெனிகளின் டிக்கெட் விலை எகிறியது. அரசு தலையிட்டு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்று தற்காலிக உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. மச்சான் சொன்னதில் சரியான பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஒரே விமானத்தில் இரண்டு விலை இருப்பது கொள்ளை ஆகாது. அந்த மலிவுத் தட்டு இல்லாவிட்டால் அவன் கூட்டாளி அந்த ஓணத்துக்கு வந்திருக்கவே மாட்டான். போவதற்கு வேறு கம்பெனியே இல்லாதபோது வாங்குகிற விலைக்குத்தான் வேறு பெயர் வைக்க வேண்டும்.

கல்ஃப் தடத்தில் இது இன்னும் சிக்கல். இரண்டு நாட்டு அரசுகளும் உட்கார்ந்து, வாரத்துக்கு இத்தனை சீட்டுதான் என்று ஒப்பந்தம் போடுகின்றன. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையே 2014-ல் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு 65,000 சீட்டுக்குச் சற்று மேல் என்று வைத்தார்கள். கேட்கிற கூட்டம் அதற்கப்புறம் எவ்வளவோ பெருகிவிட்டது. எந்த ஊரில் அயல்நாட்டுக் கம்பெனி இறங்கலாம் என்பதும் ஒப்பந்தம்தான். 2018 டிசம்பரில் கண்ணூரில் புது விமான நிலையம் திறந்தார்கள். அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு அனுமதி இல்லாததால் அங்கிருந்து கல்ஃபுக்குப் போக இந்தியக் கம்பெனிகள் மட்டுமே. ஓடுபாதை இருந்தால் போட்டி தானாக வந்துவிடாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரமாவது பக்கத்தில் இருக்கிறது. அங்கே எமிரேட்ஸ், எத்திஹாட், கத்தார், ஏர் அரேபியா, கூடவே 2005-ல் திருவனந்தபுரம் - அபுதாபி தடத்தில்தான் தன் முதல் விமானத்தை விட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்று பல பேர்.

பல பேர் இருந்தும் ஏன் 31,000? மச்சானோடு சீட்டுக்குப் போட்டிபோடுகிறவர்கள் கல்ஃப்காரர்கள் மட்டும் இல்லை. பெரிய கல்ஃப் கம்பெனிகளுக்குத் துபாயும் தோகாவும் வெறும் வண்டி மாறுகிற ஜங்ஷன். லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வருகிற நர்சும் என்ஜினியரும் அங்கே இறங்கி, மச்சான் ஏறுகிற அதே விமானத்தில்தான் ஊருக்கு வருகிறார்கள். முழுத் தூரத்துக்கும் பெரிய தொகை கொடுக்கிறவருக்கு அந்தச் சீட்டைக் கொடுப்பதா, துபாயிலிருந்து மட்டும் வருகிறவருக்குக் கொடுப்பதா? லிட்டில்வுட்டின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஓணக் கூட்டத்துக்கு ஒரு திசைதான் உண்டு. திருவோணத்துக்கு முன் எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள், அந்த வாரம் கல்ஃபுக்குத் திரும்புகிற விமானத்தில் ஆள் குறைவு. ஓணம் முடிந்தால் இது தலைகீழ். தோவாளைக்குக் காலியாக வந்து பூ ஏற்றிப் போகிற வண்டிக்காரர் இரண்டு பக்கத்து டீசலையும் ஒரு பக்கத்து வாடகையில்தானே சேர்ப்பார்?

இந்த வருடம் மச்சான் சுதாரித்துக்கொண்டான். அவன் குடும்பம் நாலு பேர் லீவுக்கு துபாய் போய்வர மூன்று மாதம் முன்பே மார்த்தாண்டத்தில் அந்த டிராவல்ஸ்காரரிடம் போய் உட்கார்ந்தோம். நாலு பேருக்கு என்று தட்டியதும் தலைக்கு 14,000 காட்டியது. அவர் சிரித்துக்கொண்டே "மூணு பேருன்னு போட்டுப் பாப்போம்" என்றார். 11,000. மலிவுத் தட்டில் மூன்று சீட்டுதான் பாக்கி. நாலு பேராகக் கேட்டால் நாலு பேருக்கும் இடம் இருக்கிற அடுத்த தட்டின் விலையைத்தான் எல்லோருக்கும் சேர்த்துக் காட்டும். மூன்று பேருக்கு ஒரு டிக்கெட், ஒருவருக்குத் தனி டிக்கெட் என்று பிரித்து எடுத்துக் கொடுத்தார். 9,000 ரூபாய் மிச்சம்.

அந்தத் தனி டிக்கெட்டில் தனியாக உட்காரப் போவது யார் என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அக்கா, "நான் உட்காருகேன், நிம்மதியா தூங்கலாம்" என்கிறாள். மச்சான் ஒத்துக்கொள்வதாக இல்லை.